கேட்டலும் கேண்மையும்

மைசூரிலிருந்து தெற்கே உதகை செல்லும் சாலையில், ஏறத்தாழ 23 கிலோமீட்டர் தொலைவில், கபிலை ஆற்றங்கரையில் அமைந்திருப்பது நஞ்சன்கூடு. கபினி எனவும் வழங்கும் அவ்வாற்றின் கரையில் கோயில் கொண்டுள்ள சீகண்டேசுவரரை இவ்வூர் மக்கள் நஞ்சுண்டேசுவரர் என்று அழைக்கின்றனர். நஞ்சுண்டவன் உறையும் இடம் என்பது ஊர்ப்பெயரின் பொருள். கன்னட நாட்டு ஊராயினும் அப்பெயரை உணர்தற்குத் தமிழராகிய நமக்கு அகராதி வேண்டுவதில்லை. தம் யானையின் கண்ணோய் இவ்விறைவன் அருளால் தீர்ந்ததெனக் கருதிய திப்பு சுல்தான், இவரை 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று அழைத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. நஞ்சு உண்டவனே மருத்துவனும் ஆனான் என்னும் கருத்து, எண்ண எண்ண ஆழம் உடையதாகும்.

பாற்கடலில் எழுந்த ஆலகாலத்தை இறைவன் உண்டபோது, அஃது உள்ளே இறங்கிவிடாமல் அம்மை தன் கையால் அவன் மிடற்றைப் பற்றினாள் என்றும், நஞ்சு அங்கேயே நின்றது என்றும் புராணம் பேசும். உண்டவனின் பெருமையைப் பலரும் பாடினர். பற்றிய கையை நினைப்போர் சிலரே. அக்கை, 'ஏன் உண்டீர்?' என்று வழக்காடிக் காலம் போக்கவில்லை. 'இஃது அவர்தம் விருப்பம்' என்று விலகி நிற்கவும் இல்லை. உரிய நேரத்தில் அருகில் இருந்தது, பற்றியது. இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது அக்கையின் அறத்தையே ஆகும்.

இளையோர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ளும் துயரம் நாடெங்கும் நிலவுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர். அவர்களுள் மாணாக்கர் 13,044 பேர். 15 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கான காரணங்களில் தற்கொலை மூன்றாம் இடம் பெறுகிறது என்பது உலக நலவாழ்வு நிறுவனம் 2021-ஆம் ஆண்டுக்குத் தரும் கணக்கு. மைய அரசு அலுவலகத்தில் எழுத்தர் பணியாற்றும் நமக்கு எண்களும் பட்டியல்களும் நாள்தோறும் பழகியவை. ஓர் எண்ணை ஒரு பத்தியிலிருந்து மறு பத்திக்குக் கொண்டு சென்று, கூட்டிச் சரிபார்த்து, கையொப்பம் பெற்றுக் கோப்பை முடிப்பது எளிய வேலை. ஆனால் இந்த 13,044 என்னும் எண்ணைக் கூட்டி முடித்தபின் கோப்பை மூட மனம் இடந்தருவதில்லை. ஒவ்வொரு மாணாக்கனுக்கும் ஒரு வீடு உண்டு. அவ்வீட்டில் அவனுக்கென வைக்கப்பட்ட ஒரு தட்டும் உண்டு.

உயிர் எவருடையது?

இங்கே ஒரு வினா எழுகின்றது. ஒருவன் உயிர் அவனுடையது. அவன் துன்பமும் அவனுடையது. அதில் புகுந்து கேட்கப் பிறர்க்கு என்ன உரிமை? இளைஞர்கள் இவ்வினாவை நேர்முகமாகவே கேட்கின்றனர். பெரியோர்கள் வேறு வகையில் கேட்கின்றனர்: 'அடுத்த வீட்டுக் காரியத்தில் நாம் தலையிடலாமா?' என்பது அவர்கள் வாய்மொழி. இரண்டும் ஒரே வினாவின் இரண்டு முகங்கள்.

உரிமை என்பது தேர்ந்தெடுக்கும் ஆற்றலைக் குறித்த சொல். பல வழிகள் கண்முன் தெரியும்போது அவற்றுள் ஒன்றை ஏற்பதே தேர்வு எனப்படும். கடுந்துயரில் ஆழ்ந்தவன் நிலையோ வேறு. அவன் கண்முன் வழிகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. இறுதியில் ஒன்றே வழி போலத் தோன்றுகின்றது. அவன் இறப்பை நாடுகிறான் என்பதைவிட, தாங்கொணாத அத்துன்பம் நிற்கவேண்டும் என நாடுகிறான் என்பதே பொருத்தமாகும். உயிரை மாய்க்க முயன்று காப்பாற்றப்பட்டோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், அவர்களுள் மிகப் பெரும்பாலோர் பின்னர்த் தற்கொலையால் இறக்கவில்லை என்பதைக் காட்டியுள்ளன. அன்று மூடியிருந்த கதவு பின்னர்த் திறந்தது என்பதே இதன் பொருள். ஆகவே அந்நேரத்தில் குறுக்கே நிற்பவன் பிறன் உரிமையைப் பறித்தவன் ஆகான். அவ்வுரிமை மீண்டு வரும்வரை அதனைக் காத்து நின்றவன் ஆவான்.

நாட்டின் சட்டமும் இவ்வுண்மையை மெல்ல மெல்ல உணர்ந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 309-ஆம் பிரிவின்கீழ், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி வைத்திருந்தது. துன்பத்தால் வீழ்ந்தவனுக்குச் சிறையைக் காட்டிய அவ்விதியால், வீட்டார் நடந்ததை மறைத்தனர். மருத்துவரிடம் செல்லவும் அஞ்சினர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115-ஆம் பிரிவில், முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ளவேண்டும் என விதித்தது. அவரைத் தண்டித்தலைத் தவிர்த்து, பராமரிப்பும் மறுவாழ்வும் அளிக்கும் கடமையை அரசின்மேல் சுமத்தியது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்ஹிதா, பொது ஊழியரின் கடமையைத் தடுக்கும் நோக்கத்துடன் செய்யப்படும் முயற்சி நீங்கலாக, அக்குற்றத்தை ஏட்டிலிருந்தே நீக்கிவிட்டது. சட்டம் தன் கோலைக் கீழே வைத்தது. சமுதாயம் தன் நாவின் கோலைக் கீழே வைத்ததா என்பதே இனி எழும் வினா.

மானமும் மௌனமும்

மானம் நம் இனத்தின் உயிர்ப்பண்பு என்பர். வள்ளுவரும் அதற்கோர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அவரே இடுக்கண் அழியாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதை நாம் மேடைகளில் அவ்வளவாக நினைப்பதில்லை. வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழனைப் பெருமையோடு பேசும் நாம், அஃது ஒரு காலத்தின் அரச வழக்கு என்பதையும், மதிப்பெண் பட்டியலைக் கண்டு கலங்கும் 16 வயதுப் பிள்ளையின் நிலையோடு அதனை ஒப்பிடல் ஆகாது என்பதையும் கூடவே சொல்லவேண்டும். இளையோர் அமர்ந்திருக்கும் அவையில் 'மானம் போனால் உயிர் எதற்கு?' என்று முழங்குவோர், அச்சொல் எந்தச் செவியில் எவ்வாறு விழுகிறது என்பதைச் சற்றே எண்ணிப் பார்த்தல் நலம்.

புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இம்மானம் இருமடங்கு சுமையாகின்றது. ஊரைவிட்டு வந்தோம், நிலத்தை விட்டு வந்தோம், பிள்ளைகள் படித்து உயர்வர் என்னும் ஒரே நம்பிக்கையைத் துணையாகக் கொண்டு வந்தோம். அந்நம்பிக்கை பிள்ளையின் தோளில் சுமையாக ஏறுவதை நாம் காண்பதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது சித்தப்பாவும் அத்தையும் முதலில் கேட்பது மதிப்பெண்ணைத்தான். 'நன்றாகப் படிக்கிறான்' என்று தாய் சொல்லும்போது அருகில் நிற்கும் மகன் தரையைப் பார்க்கிறான். அத்தரையில் அவன் எதைக் கண்டான் என்று எவரும் கேட்பதில்லை.

மொழியால் வரும் இடர் ஒன்றும் உண்டு. நஞ்சன்கூட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு வீட்டில் தமிழ். தெருவிலும் விளையாட்டிலும் கன்னடம். பாடநூலில் பெரும்பாலும் ஆங்கிலம். மூன்று மொழியும் அறிந்தான் என மகிழ்கிறோம். அவனுடைய துயரம் எம்மொழியில் பேசும்? பள்ளியில் கற்ற ஆங்கிலச் சொல்லால் அதனைச் சொன்னால் தாய்க்கு விளங்காது. வீட்டுத் தமிழிலோ சோறு, துணி, படிப்பு, பணம் ஆகியவற்றுக்குச் சொல் கற்ற அளவுக்கு, நெஞ்சின் இருளுக்குச் சொல் கற்கவில்லை. ஊரில் இருந்திருந்தால் திண்ணையில் ஒரு பாட்டி இருந்திருப்பாள். 'ஏன் ராசா முகம் வாடியிருக்கு?' என்று கேட்டிருப்பாள். இங்கே வாடகை வீட்டில் திண்ணையும் இல்லை, பாட்டியும் இல்லை. சொல் இல்லாத துயரம் வெளியேற வழியின்றி உள்ளேயே கிடக்கின்றது.

'கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டியதாக ஆகாதோ?' என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. இவ்வச்சத்தை ஆராய்ந்தவர்கள் உண்டு. நியூயார்க் மாநிலத்து மேனிலைப் பள்ளி மாணாக்கர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடத்தப்பெற்று 2005-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தற்கொலை எண்ணம் பற்றி வினவப்பட்டதால் மாணாக்கர்க்கு அவ்வெண்ணமோ மனத்துயரோ மிகவில்லை என்பது புலனாயிற்று. கேட்பதால் நஞ்சு ஊறுவதில்லை.

கேள் என்னும் சொல்

தமிழில் 'கேட்டல்' என்பதற்கு வினவுதல் என்றும் பொருள். செவிமடுத்தல் என்றும் பொருள். 'கேள்' என்னும் பெயர்ச்சொல்லுக்கோ உறவு என்பது பொருள். கேளிர் என்றால் சுற்றத்தார். கேண்மை என்றால் நட்பு. வினவி, விடைக்குச் செவிதந்து நிற்பவரே உறவினர் என்பதைச் சொல்லளவிலேயே உணர்த்தவல்ல மொழி நம்முடையது. வினவிவிட்டு விடையைக் கேளாதவரும், வினவவே அஞ்சுவோரும் இரத்தத்தால் உறவினராகலாம், கேளிர் ஆகார்.

சங்கம் என்னும் பெயரை ஏற்றுள்ள நாம், சங்கப் புலவர் செய்தவற்றையும் நினைத்தல் தகும். மலையமானின் இளஞ்சிறார்களை யானைக்காலில் இடச் சோழன் கிள்ளிவளவன் முற்பட்டபோது, கோவூர் கிழார் இடைபுகுந்து பேசி அப்பிள்ளைகளை உய்யக்கொண்டார். அவர் அப்பிள்ளைகளுக்குத் தந்தையும் அல்லர், மாமனும் அல்லர். கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேல் போருக்கு எழுந்தபோது, புல்லாற்றூர் எயிற்றியனார் அரசனையே இடித்துரைத்துத் தடுத்தார். தந்தைக்கும் மக்களுக்கும் இடையே எழுந்த பகை வீட்டுக்காரியம் என்று அவர் ஒதுங்கவில்லை. இளையோர் உயிர் ஊசலாடும் இடத்தில் தலையிடுதல் நாகரிகக் குறைவு என்னும் எண்ணம், பழந்தமிழ் மரபிலிருந்து வந்ததன்று என்க.

எளியோர் செய்த பணி

இக்கேண்மையைத் தொண்டாக்கிய வரலாறு உலகில் உண்டு. இங்கிலாந்தில் சாட் வரா என்னும் இளம் சமயகுரு, 1935-ஆம் ஆண்டில், தம் பணியின் தொடக்கத்தில், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் அடக்கச் சடங்கை நடத்த நேர்ந்தது. பெண்மையின் இயல்பான உடல் மாற்றத்தைக் கொடிய நோயென அஞ்சி, கேட்டறிய ஒருவரும் இன்றி, அச்சிறுமி உயிர் துறந்தாள் என அவர் பின்னாளில் கூறினார். 1953-இல் இலண்டன் நகரில் அவர் தொடங்கிய தொண்டே 'சமாரிட்டன்ஸ்' என்னும் அமைப்பாக வளர்ந்தது. அவரைக் காண வந்து காத்திருந்தோர்க்குத் தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த எளிய தொண்டர்களிடமே பலர் தம் பாரத்தை இறக்கிவைத்துத் திரும்பினர். குருவைக் காணவேண்டிய தேவையே அவர்களுக்கு எழவில்லை. அன்றுமுதல் செவிதரும் பணி தொண்டர் பணியாயிற்று. இலங்கையில் 1974-இல் தோன்றிய 'சுமித்ரயோ', சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் தோற்றுவித்த 'சிநேகா' ஆகியவை இவ்வழியில் வந்தவையே.

ஆப்பிரிக்காவின் சிம்பாப்வே நாட்டில் நடந்தது நம் குடும்பங்கள் கூர்ந்து நோக்கத்தக்கது. அங்கு மனநல மருத்துவர் மிகச் சிலர். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லாமையால் தம்மிடம் மருத்துவம் பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி உயிரிழந்தமை டிக்சன் சிபாண்டா என்னும் மருத்துவரை உலுக்கியது. அவர் 2006-ஆம் ஆண்டில் ஹராரே நகரில் பாட்டிமார் சிலருக்குப் பயிற்சி தந்து, நலநிலையங்களின் வெளியே மரப்பலகை இருக்கைகளில் அமரச்செய்தார். 'நட்பு இருக்கை' என அது பெயர் பெற்றது. மன அழுத்தத்தைக் குறிக்க அம்மூதாட்டியர் நூற்சொற்களை நாடவில்லை. 'மிகையாக எண்ணுதல்' எனப் பொருள்படும் தம் தாய்மொழிச் சொல்லையே ஆண்டனர். இம்முறை துயரைக் குறைக்கின்றது என்பதை 2016-இல் வெளியான முறையான ஆய்வு காட்டியது. நாம் ஊரில் விட்டுவந்த திண்ணையை அவர்கள் ஹராரேயில் கட்டி எழுப்பினர்.

கேட்பதோடு காவலும் வேண்டும். நஞ்சு எளிதில் கைக்கு எட்டும் இடத்தில் கணநேரத் துயரம் கூடப் பேரிழப்பாய் முடிந்துவிடும். 1995-ஐ ஒட்டி இலட்சம் பேருக்கு 47 என்னும் அளவில் உலகின் உச்சநிலையைத் தொட்டிருந்த இலங்கையின் தற்கொலை வீதம், கொடிய பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபின், 20 ஆண்டுகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு தாழ்ந்தது. கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் வட்டத்துச் சிற்றூர்களில், உழவர் தம் பூச்சிமருந்தை வீட்டில் வையாது பொது இடத்தில் பூட்டிவைக்கும் முறையைச் சிநேகா அமைப்பினர் செயற்படுத்திப் பார்த்து, 2013-இல் அதன் பயனை வெளியிட்டனர். சாவி ஒன்றை வேறிடத்தில் வைப்பது சிறு செயல்தான். ஆனால் அந்தச் சில நிமிட இடைவெளியில்தான் ஒரு கை மிடற்றைப் பற்றுவதற்கு நேரம் கிடைக்கிறது.

தேர்வுத் தோல்விக்கும் அத்தகைய இடைவெளி ஒன்றை அரசுகள் உண்டாக்கின. தவறிய மாணாக்கர் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களில் மீண்டும் எழுதும் உடனடித் தேர்வு தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. அதற்காக வாதாடியோருள் சிநேகாவினரும் அடங்குவர். கருநாடகத்தில் 2023-24 கல்வியாண்டில் பத்தாம் வகுப்புக்கும் இரண்டாம் ஆண்டு பி.யூ.சி.க்கும் மூன்று தேர்வுகள் நடத்தப்பெற்று, சிறந்த மதிப்பெண் ஏற்கப்பட்டது. நம் வீட்டில் எத்தனை பெற்றோர் இச்செய்தியைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவைத்தோம்? 'ஒருமுறை தவறினால் மறுமுறை உண்டு' என்னும் சொல்லை முடிவு வந்தபின் சொல்வதைவிட முன்னரே சொல்வது நூறு மடங்கு பயன் தரும்.

செவியும் வாயும்

மறுப்பு ஒன்று எஞ்சியுள்ளது. சமுதாயம் உள்ளே புகுந்தால் செய்தி ஊரெல்லாம் பரவாதோ? பெண்பிள்ளையின் திருமணம் என்னாகும்? இவ்வச்சம் வெற்றச்சம் அன்று. நம் கூட்டங்களில் செவிகளைவிட வாய்கள் மிகுதி என்பதை எவரே மறுப்பார்? ஆதலின் கேட்பவன் முதலில் ஏற்கவேண்டிய நோன்பு அடக்கமே. கேட்ட துயரத்தைத் தன் மனைவியிடமும் நண்பரிடமும் சுவையாகச் சொல்பவன், பற்றிய கையை நழுவவிட்டவன் ஆவான். உயிருக்கு இடர் என்று தோன்றும்போது மட்டும், உதவ வல்ல ஒருவரிடம், துன்புற்றவன் அறியவே அதனைச் சொல்லலாம்.

கேட்பவன் மருத்துவனும் ஆகான். 'கோயிலுக்குப் போ, சரியாகும்' என்றும், 'திருமணம் செய்துவைத்தால் தீரும்' என்றும் சொல்லி அனுப்பிவிடுதல் உதவியன்று. நோய்க்கு மருத்துவர் வேண்டும். பெங்களூரில் 1974-இல் உருப்பெற்ற நிம்ஹான்ஸ் நிறுவனம் நம் மாநிலத்திலேயே உள்ளது. அதனைத் தலைமை மையமாகக் கொண்டு மைய அரசு 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசிப் பணி, 14416 என்னும் எண்ணில், இரவும் பகலும், கட்டணமின்றி, தமிழிலும் கன்னடத்திலும் செவிதருகின்றது. நாட்காட்டியில் பால் கணக்கு எழுதும் இடத்தில் அவ்வெண்ணையும் எழுதிவைத்தல் ஒவ்வொரு வீட்டுக்கும் தகும்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கவை யாவை? ஐரோப்பாவில் 10 நாடுகளில், 11,000-க்கு மேற்பட்ட மாணாக்கரிடையே மூன்று முறைகளை ஒப்பிட்டு 2015-இல் வெளியான ஆய்வு நமக்கு வழிகாட்டுகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தது ஒரு முறை. வல்லுநர் மாணாக்கரைத் தேர்ந்து நோக்கியது மற்றொரு முறை. மாணாக்கர் தாமே கூடிப் பேசி, நடித்து, துயரையும் அதனைக் கடக்கும் வழியையும் கற்றது மூன்றாவது முறை. இம்மூன்றாவதே தற்கொலை முயற்சிகளை ஓராண்டில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. ஆகவே பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் இளைஞர்க்கு நாம் ஆற்றும் அறிவுரைச் சொற்பொழிவுகளில் ஒன்றைக் குறைத்து, அந்நேரத்தை அவர்களுக்கே தருவோமாக. அவர்கள் தமிழும் கன்னடமும் கலந்து பேசினால் திருத்த முற்படாதிருப்போமாக. மதிப்பெண் பெற்றோர்க்குப் பரிசளிக்கும் மேடையில், தவறி மீண்டும் எழுதி வென்ற பிள்ளைக்கும் ஓர் இடம் வைப்போமாக. பிள்ளையை இழந்த குடும்பம் நம்மிடையே இருப்பின், பழிச்சொல்லுக்கு அஞ்சி ஒதுங்கிய அவர்கள் வாயிலை நாமே சென்று தட்டுவோமாக. அவர்களுக்கும் கேளிர் வேண்டும்.

நாம் நம் பிள்ளைகளை நாள்தோறும் 'சாப்பிட்டாயா?' என்று கேட்கிறோம். அயலூர் விடுதியில் படிக்கும் பிள்ளையிடமும் தொலைபேசியில் முதலில் அதையே கேட்கிறோம். அன்பு நிறைந்த வினாவே அது. அதனோடு இன்னொன்றையும் கேட்கப் பழகுவோம்: 'மனசு எப்படி இருக்கிறது?' கேட்டபின் தொலைபேசியை வைத்துவிடாமல், தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றே தணித்துவிட்டு, விடை வரும்வரை காத்திருப்போம். முதல் நாள் விடை வாராது. பத்தாம் நாளும் வாராதிருக்கலாம். கேட்பார் உண்டு என்னும் நம்பிக்கை அதற்குள் அவன் நெஞ்சில் வேர்கொண்டிருக்கும். அந்நம்பிக்கையைப் பிள்ளைகளுக்கு உடைமையாக்குவதே புலம்பெயர்ந்து வாழும் நாம் அவர்களுக்குச் சேர்த்துவைக்கும் சொத்துகளுள் தலையாயது ஆகும்.